இராமானுஜனும் 691 என்னும் எண்ணும்

கல்லூரித் தேர்வில் தவறி, நிலையான உத்தியோகமும் இன்றி இருந்த நாளில், 1911ஆம் ஆண்டு, இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் இராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. பெர்னூலி எண்கள் எனப்படும் ஒருவகைப் பின்னங்களின் இயல்புகளை அது ஆராய்கிறது. அதில் அவர் கூறிய முடிவுகளுள் ஒன்று பிழையானது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து மேலை நாட்டில் தோன்றி வளர்ந்த ‘கே-கோட்பாடு’ என்னும் புதுக் கணிதம், அந்தப் பிழை நேர்ந்த இடத்திற்கே வந்து சேர்ந்தது. அது எங்ஙனம் என்பதை ஈண்டு விளக்கலாம். வேண்டிய கணக்கறிவு பெருக்கலும் மீதி காண்டலுமே. சில இடங்களில் மட்டும் காரணம் காட்டாது முடிவை மட்டும் சொல்லிச் செல்ல நேரும்.

முதலில் ஸீட்டாச் சார்பு இன்னதென்று காண்போம். 1, 2, 3, 4 என்னும் இயல் எண்களின் தலைகீழிகளை ஒரே அடுக்கில் உயர்த்திக் கூட்டினால் வருவது அது. இரண்டாம் அடுக்காயின் 1 + 1/4 + 1/9 + 1/16 எனச் செல்லும். இத்தொகை பையின் இருபடியை ஆறால் வகுத்த ஈவுக்குச் சமம் என்று ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் கண்டு கணித உலகை வியக்கவைத்தார். அடுக்கு ஒன்றுக்கு மேற்பட்டிருந்தால்தான் தொகை ஓர் எல்லையில் நிற்கும். அடுக்கு −1 ஆயின் 1 + 2 + 3 + 4 என்று முடிவின்றிப் பெருகும் தொடரே கிடைக்கிறது. அதற்கும் ஆய்லர் ஒரு மதிப்புக் கற்பித்தார். 1 − 2 + 3 − 4 என மாறி மாறி வரும் தொடருக்கு, இயற்கணித வாய்பாடு ஒன்றை அதன் எல்லைவரை கொண்டுசென்றால், 1/4 என்னும் மதிப்பு வரும். கூட்டற்குறிகளே உள்ள தொடரிலிருந்து அதன் இரட்டை எண்களை இருமுறை கழித்தால் இந்த மாறுதொடர் கிடைக்கும். இரட்டை எண்களின் தொகையோ முழுத் தொடரின் இருமடங்கு. எனவே முழுத் தொடரிலிருந்து அதன் நான்கு மடங்கைக் கழித்தால் 1/4. ஆகவே முழுத் தொடரின் மதிப்பு −1/12.

இது கடையில் சாமான் விலை கூட்டும் கூட்டல் அன்று என்பது வெளிப்படை. 1859இல் ரீமான் காட்டிய வழியில், ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்குகளில் பிறந்த சார்பை ஒழுங்கு கெடாமல் ஏனைய அடுக்குகளுக்கும் நீட்டும்போது கிடைக்கும் மதிப்பு அது. இராமானுஜன் 1913இல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் இதே −1/12ஐக் குறிப்பிட்டு, இதைக் கேட்டால் பைத்தியக்கார விடுதிக்கு வழி காட்டுவீர்கள் என்னும் கருத்துப்படத் தாமே வேடிக்கையாக எழுதினார். ஆய்லரை அறியாமலே அவர் அங்கு வந்து சேர்ந்திருந்தார்.

−1, −3, −5, −7, −9, −11 ஆகிய இடங்களில் ஸீட்டாச் சார்பின் மதிப்புகள் முறையே −1/12, 1/120, −1/252, 1/240, −1/132, 691/32760 ஆகும். இவற்றைப் பெர்னூலி எண்கள் தருகின்றன. 12ஆம் பெர்னூலி எண்ணை 12ஆல் வகுத்துக் குறியை மாற்றினால் கடைசி மதிப்பு வரும். ஏனையவும் அவ்வாறே. முதல் ஐந்து பின்னங்களிலும் தொகுதி 1. ஆறாவதில் திடீரென 691 என்ற பகாஎண் வந்து நிற்கிறது. பின்னர் 3617, 43867 என்னும் பகாஎண்கள் வருகின்றன. இவ்வொழுங்கைக் கண்ட இராமானுஜன், பெர்னூலி எண்ணை அதன் வரிசை எண்ணால் வகுத்துச் சுருக்கினால் தொகுதி எப்போதும் பகாஎண்ணாகவே இருக்கும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டுரையில் கூறிவிட்டார். 20ஆம் எண்ணிலேயே அது தவறுகிறது. அங்குத் தொகுதி 174611. அது 283ஐ 617ஆல் பெருக்க வருவது. வேண்டுவோர் பெருக்கிப் பார்க்கலாம்.

இனி எண்களம் என்பது யாது? வழக்கமான பின்னங்களோடு, ஒரு சமன்பாட்டின் மூலத்தையும் சேர்த்து அமைக்கும் எண் உலகமே எண்களம். −5இன் வர்க்கமூலத்தைச் சேர்த்துக்கொண்டால், அவ்வுலகில் 6 என்னும் எண்ணை 2 × 3 என்றும் பிரிக்கலாம். 1உடன் அம்மூலத்தைக் கூட்டியதையும் 1இலிருந்து அம்மூலத்தைக் கழித்ததையும் பெருக்கியும் பெறலாம். இந்நான்கு காரணிகளையும் மேலும் பிளக்க இயலாது. பள்ளியில் கற்பிக்கும் ‘காரணிப்படுத்தல் ஒரே வகையில்தான் அமையும்’ என்ற விதி அங்கே முறிகிறது. 19ஆம் நூற்றாண்டில் கும்மர் ‘இலட்சிய எண்கள்’ என்று சிலவற்றைப் படைத்து முறிந்த விதியைச் சீர்செய்தார். இலட்சிய எண்கள் எத்தனை வகுப்பாகப் பிரிகின்றன என்பது வகுப்பெண் எனப்படும். மேற்சொன்ன உலகில் அது 2. வழக்கமான முழுஎண்களில் 1. அதாவது அங்கே முறிவே இல்லை. ஒவ்வோர் எண்களத்துக்கும் தனியாக ஒரு ஸீட்டாச் சார்பு உண்டு. −5இன் மூலம் சேர்ந்த களத்தின் ஸீட்டாவில் 0 என்னும் இடத்தைப் பார்த்தால் மதிப்பு −1. வகுப்பெண் 2ஐ, அக்களத்தில் உள்ள ஒருமை மூலங்களாகிய 1, −1 என்னும் இரண்டின் எண்ணிக்கையால் வகுத்துக் குறியை மாற்றினால் அதுவே வரும். டிரிஷ்லேயும் டெடெகிண்டும் நிறுவிய இந்த வாய்பாடுதான் பின்வரும் எல்லாவற்றுக்கும் வித்து. வேறு சில களங்களில் ஒழுங்காக்கி என்னும் ஓர் அளவும் பெருக்கலில் சேரும்.

கே-கோட்பாட்டைத் தொடங்கிவைத்தவர் குரோதெந்தீக். ஆண்டு 1957. வகுப்பைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்தே கே என்பது. ஓர் எண்ணுலகை எடுத்துக்கொண்டால் அதற்குக் கே-0, கே-1, கே-2 எனக் குலங்கள் வரிசையாக உண்டு. குலம் என்பது, ஒன்றோடொன்று சேர்க்கவும் சேர்த்ததை மீட்கவும் கூடிய பொருள்களின் தொகுதி. கே-0 வகுப்பெண்ணின் செய்தியைத் தாங்குகிறது. கே-1இல் வகுத்தாலும் முழுஎண்ணே தரும் எண்கள் அடங்கும்; முழுஎண்களுக்கு அவை 1, −1 என இரண்டே. ஆக, மேலே கண்ட டிரிஷ்லே வாய்பாட்டின் மேற்பகுதி கே-0 தருவது, கீழ்ப்பகுதி கே-1 தருவது.

கே-2 சற்று நுட்பமானது. ஆயினும் கரும்பலகையில் செய்துகாட்டத் தகுந்தது. எண்களை நிரை நிரையாக எழுதி, ஒரு நிரையுடன் இன்னொரு நிரையைக் கூட்டலாம் அல்லது கழிக்கலாம் என்று வைத்துக்கொள்க. முதல் நிரையில் 3, இரண்டாம் நிரையில் 5 இருக்கட்டும். இரண்டாவதை முதலாவதுடன் கூட்டினால் 8, 5. முதலாவதை இரண்டாவதிலிருந்து கழித்தால் 8, −3. மீண்டும் இரண்டாவதை முதலாவதுடன் கூட்டினால் 5, −3. மூன்று செயலில் இரண்டு எண்களும் இடம் மாறி, ஒன்று குறியும் மாறிவிட்டது. இம்மூன்றையும் இன்னும் மூன்று முறை செய்தால், அதாவது மொத்தம் பன்னிரண்டு செயல்களில், தொடங்கிய 3, 5 திரும்ப வந்துவிடும். இப்போது எழும் வினா இது: எந்த எண்ணுலகிலும் செல்லும் பொதுவிதிகள் சில உண்டு, தொடர்பற்ற நிரைகளின் செயல்களை முன்பின் மாற்றலாம், இருமுறை கூட்டுவது இருமடங்கு கூட்டுவதற்குச் சமம் என்பன போல்வன. அந்தப் பொதுவிதிகளை மட்டும் கொண்டு ‘இப்பன்னிரண்டு செயலும் சேர்ந்தால் ஒன்றுமில்லை’ என்று காட்ட முடியுமா? முடியாது. எத்தனை நிரை சேர்த்துக்கொண்டாலும் முடியாது. ஆனால் பன்னிரண்டையும் இருமுறை செய்தால் காட்டலாம். பொதுவிதிக்கு அடங்காத இத்தகைய இரகசிய உறவுகளின் தொகுதியே கே-2. முழுஎண்களின் கே-2இல் இவ்வுறவு ஒன்றும், ‘ஒன்றுமில்லை’ என்பதும் ஆக இரண்டே உறுப்புகள். கே-2ஐ இவ்வாறு வகுத்தவர் மில்னர். 1971இல் அது நூலாக வந்தது.

நிரை என்ற சொல்லைக் கவனிக்க. அணிக்கணக்கில் கிடையாக அமைந்த எண் வரிசைக்குத் தமிழ்ப் பாடநூல்கள் இட்ட பெயர் நிரை. மேலிருந்து கீழாகச் செல்வது நிரல். கெடாவில் பாடாங் மேஹா போன்ற தோட்டப் பகுதிகளில் ரப்பர் மர வரிசைக்கும் நிரை என்றே பெயர். பால் வெட்டுக்குப் பெற்றோர் பிடித்த நிரையும், பிள்ளை கணக்கில் கற்கும் நிரையும் ஒரே சொல். இந்நாட்டில் 2003 முதல் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடுவதாக 2009இல் அறிவித்தார்கள். உயர்ந்த கணிதத்துக்குத் தமிழில் சொல் இல்லை என்பது அக்காலத்து வாதங்களுள் ஒன்று. சொல் தோட்டத்திலேயே கிடந்தது என்பதுதான் உண்மை. எடுத்து ஆள்வோர்தான் குறைவு.

கே-3, கே-4 என மேற்செல்லும் குலங்களைச் செம்மையாக வரையறுத்தவர் குவில்லன். 1970களின் தொடக்கத்தில் அது நிகழ்ந்தது. 1978இல் பீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். அவர் முதலில் கணக்கிட்டது மீதிகளின் உலகத்தை. 7ஆல் வகுக்கக் கிடைக்கும் 0 முதல் 6 வரையிலான மீதிகளைக் கொண்டு வாரநாள் கணக்குப் போடுவது போன்ற சிற்றுலகம் அது. அதன் கே-1இல் 6 உறுப்புகள், கே-3இல் 48, கே-5இல் 342. இவை 7, 49, 343 ஆகியவற்றினின்று ஒன்று குறைந்தவை. 7க்குப் பதில் வேறு பகாஎண் வைத்தாலும் இவ்வாறே. அச்சிற்றுலகின் ஸீட்டாச் சார்பில் −1, −2, −3 என்னும் இடங்களின் மதிப்பைத் தலைகீழாக்கிக் குறியை விடுத்தால் இதே 6, 48, 342 வரும். குலத்தின் அளவும் ஸீட்டாவின் மதிப்பும் ஒன்றாதல் இங்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது.

மூன்றுக்கு மேற்பட்ட பகாஎண் எதனையும் வர்க்கப்படுத்தி ஒன்று குறைத்துப் பார்க்க. 5க்கு 24; 7க்கு 48; 11க்கு 120; 13க்கு 168. எல்லாம் 24ஆல் வகுபடும். 24உடன் பொதுக்காரணி இல்லாத எந்த எண்ணின் வர்க்கமும் 24ஆல் வகுக்க மீதி 1 தரும். இவ்வியல்புடைய எண்களுள் 24தான் மிகப் பெரிது. நான்காம் அடுக்குக்கு அப்பெரிய எண் 240. ஏழின் நான்காம் அடுக்கு 2401 அல்லவா? ஆறாம் அடுக்குக்கு 504; ஐந்தின் ஆறாம் அடுக்கு 15625, அதாவது 504இன் 31 மடங்குக்கு ஒன்று கூட. மாணவர்க்கு வீட்டுப்பாடமாகக் கொடுக்கத்தக்க இவ்வெண்கள் முழுஎண்களின் கே-குலங்களில் வந்து அமர்கின்றன. கே-3இல் 48 உறுப்புகள், கே-7இல் 240, கே-11இல் 1008. அதாவது 24இன் இருமடங்கு, 240, 504இன் இருமடங்கு. இடையிடையே இருமடங்காவது 2 என்னும் பகாஎண்ணின் தொல்லை. இத்துறையில் அது எங்கும் தொல்லை கொடுத்தே தீரும்.

இப்போது ஸீட்டாவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கே-2இன் அளவு 2ஐக் கே-3இன் அளவு 48ஆல் வகுத்தால் 1/24, இருமடங்காக்கினால் 1/12. கே-6இல் ஒரே உறுப்பு. அதனைக் கே-7இன் 240ஆல் வகுத்து இருமடங்காக்கினால் 1/120. கே-10இன் 2ஐக் கே-11இன் 1008ஆல் வகுத்து இருமடங்காக்கினால் 1/252. மேலே ஆய்லரின் மதிப்புகளாகத் தந்த பின்னங்கள் இவையே. குறி மட்டும் விடுபட்டது. எண்களங்கள் எல்லாவற்றுக்கும் இத்தகைய தொடர்பு இருத்தல் வேண்டும் என்று 1973இல் லிக்டன்பௌம் ஊகித்துக் கூறினார். அதற்கு முன்னரே கே-2ஐப் பற்றி மட்டும் பெர்ச்சும் டேட்டும் ஓர் ஊகம் சொல்லியிருந்தனர். 5இன் வர்க்கமூலம் சேர்ந்த களத்தில் −1 என்னும் இடத்து ஸீட்டா மதிப்பு 1/30, அங்கே 24இன் இடத்தில் வரும் எண் 120, பெருக்கினால் 4. அக்களத்து முழுஎண்களின் கே-2இலும் உறுப்புகள் நான்கே.

ஊகத்தை மெய்ப்பிக்க நீண்ட காலம் ஆயிற்று. மேஸரும் வைல்ஸும் 1984இலும், வைல்ஸ் தனியே 1990இலும் நிறுவிய தேற்றங்கள் ஒருபுறம். வோவோட்ஸ்கி, ராஸ்ட் முதலியோர் அமைத்த பெருங்கோட்டை மறுபுறம். இரண்டும் சேர்ந்தபின் முழுஎண்களின் கே-குலங்களின் அளவு, நான்கின் மடங்கான வரிசை எண்கள் நீங்கலாக, தெளிவாயிற்று. 5, 9, 13 என வரும் இடங்களில் குலம் முடிவற்றது என்று போரல் 1974இல் காட்டினார். அங்கே உறுப்புகளை எண்ணுவதற்கு மாறாக ஓர் ஒழுங்காக்கியை அளக்க வேண்டும். அவ்வளவில் 3, 5, 7 ஆகிய ஒற்றைப்படை அடுக்குகளின் ஸீட்டா மதிப்புகள் தோன்றுகின்றன.

இப்பணியில் நம்மவர் பங்கும் உண்டு. காஞ்சிபுரத்தில் 1932இல் பிறந்து, சென்னை லயோலாக் கல்லூரியில் அருட்டந்தை ராசீனிடம் பயின்ற சி. எஸ். சேஷாத்திரி, பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவராய், கே-0ஐ ஒட்டி செர் 1955இல் எழுப்பிய வினாவுக்கு இரண்டு மாறிகள் உள்ள நிலையில் 1958இல் விடை கண்டார். எத்தனை மாறிகள் இருப்பினும் விடை அதுவே எனக் குவில்லனும் சூஸ்லினும் தனித்தனியே காட்டியது 1976இல். கே-1இன் கோட்பாட்டை வளர்த்த ஹைமன் பாஸ் அதே டாட்டா நிலையத்துக்கு வந்து ஆற்றிய விரிவுரைகள் 1967இல் நூலாயின. பின்னாளில் அந்நிலையத்துச் சுஜாதா, கோட்ஸுடன் சேர்ந்து ஸீட்டா மதிப்புகளைப் பற்றி 2006இல் ஒரு நூல் வெளியிட்டார்.

ஆயினும் எல்லாவற்றினும் வியப்பானது இராமானுஜனின் 1916ஆம் ஆண்டுக் கட்டுரை. அதில் அவர் பீ, கியூ, ஆர் என மூன்று முடிவில்லாத் தொடர்களை எடுத்துக்கொண்டார். மூன்றும் 1இல் தொடங்கும். அடுத்து வருவனவற்றைப் பெருக்கும் எண்கள் முறையே 24, 240, 504. ஆம், மேலே மீதி காண்டலில் வந்த அதே மூன்று எண்கள். கியூவின் முப்படியிலிருந்து ஆரின் இருபடியைக் கழித்து 1728ஆல் வகுத்தால் மற்றொரு தொடர் வரும். அதன் கெழுக்கள்தாம் டௌ எண்கள் எனப் புகழ் பெற்றவை. 1, −24, 252, −1472, 4830 என அவை செல்லும்.

அக்கட்டுரையில் அட்டவணையின் ஒரு வரியாக ஒரு சமன்பாடு உண்டு. கியூவின் முப்படியை 441ஆலும் ஆரின் இருபடியை 250ஆலும் பெருக்கிக் கூட்டினால் வரும் தொடர், 691இல் தொடங்கும். ஏனைய உறுப்புகளைப் பெருக்கும் எண் 65520. அவ்வுறுப்புகளில் நிற்பவை, ஓர் எண்ணின் வகுத்திகளை எல்லாம் பதினோராம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டிய தொகைகள். இதிலிருந்து ஒரு விந்தை பிறக்கிறது: எந்த எண்ணுக்கும் அதன் டௌ எண்ணும் அவ்வடுக்குத் தொகையும் 691ஆல் வகுக்க ஒரே மீதி தரும். 2ஐ எடுத்தால், வகுத்திகள் 1, 2; தொகை 1 + 2048 = 2049. டௌ எண் −24. வேறுபாடு 2073, அது 691இன் மூன்று மடங்கு. 3ஐ எடுத்தால் தொகை 177148, டௌ எண் 252, வேறுபாடு 176896. அது 691இன் 256 மடங்கு.

முழுஎண்களின் கே-22இல் உறுப்புகள் 691. கே-23இல் 65520. இரண்டையும் வகுத்து இருமடங்காக்கினால் 691/32760. அதாவது −11 என்னும் இடத்தில் ஸீட்டாவின் மதிப்பு. 1916இல் இராமானுஜன் எழுதிய ஒரு வரியில், ஐம்பது ஆண்டுக்கு மேல் கழித்துப் பெயரிடப்பட்ட இரண்டு குலங்களின் அளவும் அருகருகே நிற்கின்றன. அவருக்குக் குலங்கள் தெரியா, அவற்றைத் தேடவுமில்லை. இதனைத் தீர்க்கதரிசனம் என்று மேடையில் முழங்குவது பொருந்தாது. ஒரே ஊற்றிலிருந்து இரு கிணறுகளுக்கும் நீர் வந்தது என்பதே சரி. அவ்வூற்றைத் தோண்டிக் காட்டியவர் ரிபெட். டௌ எண்கள் 691க்கு முன் காட்டும் இவ்வியல்பைப் பொதுவாக்கி, பெர்னூலி எண்ணின் தொகுதியை ஒரு பகாஎண் வகுக்குமானால், அப்பகாஎண்ணின் அளவான ஒருமை மூலங்கள் சேர்ந்த களத்தில் கும்மரின் இலட்சிய எண்கள் எந்தப் பகுதியில் சிக்கல் விளைவிக்கும் என்பதை 1976இல் அவர் நிறுவினார். சிக்கல் அங்கே இருந்தால் தொகுதி வகுபடும் என்னும் மறுபாதியை எர்பிராந்து 1932இலேயே காட்டியிருந்தார்.

இனி 1911ஆம் ஆண்டுப் பிழைக்கு வரலாம். இராமானுஜன் கூறியது மெய்யாயின், இத்தொகுதிகளால் அமையும் கே-குலங்கள் யாவும், 2இன் தொல்லை நீங்கலாக, பகாஎண் அளவே உடையனவாய், மேலும் பிளவுபடாதனவாய் இருந்திருக்கும். கே-22 அவ்வாறே உள்ளது. 3617 உறுப்புகள் கொண்ட கே-30உம் அவ்வாறே. கே-38 மட்டும் மாறுபட்டது. அதன் அளவு 174611. எனவே அது 283 உறுப்புள்ள ஒரு குலமாகவும் 617 உறுப்புள்ள ஒரு குலமாகவும் பிரிந்து நிற்கிறது. முழுஎண்களின் கே-குலங்களில் கும்மரின் சிக்கலான பகாஎண்கள் இரண்டு ஒருங்கே முதன்முதல் சந்திக்கும் இடம் அது.

நான்கின் மடங்கான இடங்களில் நிலைமை வேறு. கே-4, கே-8, கே-12 என வரும் குலங்கள் எல்லாம் ஒற்றை உறுப்பே உடையவை என்று நம்பப்படுகிறது. கும்மர் 1849இலேயே எழுப்பிய, பிற்காலத்தில் வாண்டிவரின் பெயரால் வழங்கும் ஊகமும் இதுவும் ஒன்றே என்று குரிஹாரா 1992இல் காட்டினார். அவ்வூகம் இருநூறு கோடிக்கு மேற்பட்ட பகாஎண்கள் வரை கணிப்பொறியால் சோதிக்கப்பட்டு எங்கும் தவறவில்லை. ஆனால் பகாஎண்களுக்கு முடிவில்லை. 1911இல் மூன்று பகாஎண்கள் ஒழுங்காக வந்தபின் நான்காவது இடம் தவறியதை இத்துறையினர் மறப்பதில்லை. கே-4 ஒற்றை உறுப்பே உடையது என்று ரோக்னஸ் 2000இல் நிறுவினார். கே-8க்கும் அண்மையில் மெய்ப்பு வந்துவிட்டது. கே-12க்கு இன்னும் இல்லை.